எலி தின்னாத சுவர்

என் முகத்தைப் பார்த்தால் முதல் தடவை யாருக்கும் பேச்சு வராது. இடது கன்னம் பாதி இல்லை. காது ஒரு துண்டுதான் மிச்சம். கரடி அடித்தது. எழுபத்தேழாம் வருஷம் பங்குனியில், இலுப்பைப்பூ பொறுக்கப் போன இடத்தில். நான் பூவுக்குப் போனேன், அதுவும் பூவுக்குத்தான் வந்தது. விடிந்தும் விடியாத நேரம். குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்கிறேன், எதிரில் அதுவும் நிமிர்கிறது. அதற்கு மேல் நான் சொல்வதில்லை. சொன்னால் கேட்கிறவன் தன் பங்குக்கு நாலு சேர்த்துக்கொண்டு போவான். எங்கள் ஊர் ராஜாக்கண்ணு இன்றைக்கும் இரண்டு கரடி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

புண் ஆறு மாசத்தில் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. இலுப்பைப்பூ வாசம் வந்தால் கை ஜில்லென்று ஆகிவிடும். பின் மண்டையில் மயிர் எழும்பும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஊரே எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. காட்டுவழியில் ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது கரடி அடித்தவன் நடுவில்தான் நடக்க வேண்டும். முன்னால் போனால் அது எதிரில் வருமாம், பின்னால் போனால் அது தேடிக்கொண்டு வருமாம். புளிமூட்டையோடு ஒடுகத்தூர்ச் சந்தைக்கு இறங்கும்போது முப்பது வருஷமாக முதல் ஆளாக நடந்தவன் நான். நாலு வருஷம் நடுவில் நடந்தேன். முன்னால் போகிறவன் முதுகைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை.

அடிபட்டு மூணு வருஷம் கழித்து வேறொரு கோளாறு ஆரம்பித்தது. ஏர் ஓட்டினால் இரண்டு சுற்றுக்கு மேல் முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். காதுக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி சத்தம். முட்டிக்குக் கீழே கால் யாருடையதோ மாதிரி இருக்கும். சாமைக்கொல்லையின் வரப்பில் உட்கார்ந்துவிடுவேன். என் மகன் சக்கரவர்த்தி ஓடி வந்து கலப்பையைப் பிடித்துக்கொள்வான்.

"நைனா, நீ வூட்டுக்குப் போ. இன்னாத்துக்கு இந்த வேலை உனக்கு?"

"கொஞ்சம் மூச்சு வாங்குதுடா. அவ்ளோதான்."

"பயம் நைனா. உள்ளுக்குள்ள கீது. உனக்கே தெரியாது."

எனக்கே தெரியாதாம், அவனுக்குத் தெரியுமாம். அந்த வருஷம் ஏரை அவன் எடுத்துக்கொண்டான். அடுத்து புளியமரம். புளி உலுக்க மரம் ஏற விடவில்லை. கீழே பெண்களோடு உட்கார்ந்து ஓடு தட்டச் சொன்னார்கள். அதிலும் பாதியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். ராஜாக்கண்ணு மரத்துமேல் இருந்து கத்துவான்.

"யோவ் வேடியப்பா, பயப்படாதே! மரத்துல நான்தான் கீறேன்! கரடி இல்ல!"

பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். வேறென்ன செய்ய?

பூசாரி கோபால்சாமி ஒரு காரணம் சொன்னார். பயம் விழுந்த இடத்தில் ஆளுடைய பேர் தங்கிவிடும், அங்கேயே போய்ப் பேரைக் கூப்பிட்டு அழைத்து வர வேண்டும் என்றார். இலுப்பை மரத்தடியில் என்னை உட்கார வைத்து, காட்டைப் பார்த்து மூன்று தடவை என் பேரைக் கூப்பிட்டார். ஒரு சேவல் அறுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாசம் கழித்து இன்னொரு தடவை கூப்பிட்டார். இன்னொரு சேவல். பேர் வந்ததோ இல்லையோ, சேவல் போனது போனதுதான்.

பிறகு மகன் என்னை மலையடியில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் சொல்லிவிட்டான்.

"கரடி அடிச்சிடுச்சுங்க. அதுலேருந்து நெஞ்சு படபடப்புங்க."

கரடி என்ற சொல் விழுந்ததும் டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

"ஏத்தம் ஏறும்போது மூச்சு வாங்குதுங்க" என்றேன் நான்.

"கரடி நெனப்பு வருதா?"

"வருதுங்க. ஆனா அது..."

"அதான். மனசுதான் பெரியவரே. தைரியமா இருங்க."

என்னைத் தொடவில்லை. கழுத்தில் தொங்கிய குழாயை எடுத்து நெஞ்சில் வைக்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைத் தின்றால் பட்டப்பகலில் எருமை மாதிரித் தூங்கினேன். நான் தூங்கிய ஒரு மத்தியானம் ஊர் ஆடெல்லாம் கொல்லையில் இறங்கி அரைக் கொல்லை சாமையை மேய்ந்துவிட்டது. மாத்திரையைத் தூக்கி எறிந்தேன்.

அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் அதிகமில்லை. என்மேல்தான் கோபம். எல்லோரும் ஒரே மாதிரி சொல்லச் சொல்ல, நானும் பாதி நம்ப ஆரம்பித்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டால், 'சீ, கோழை' என்று என்னையே திட்டிக்கொள்வேன். யாரையும் நம்பாதவன் நான். எடை போடுகிறவனை நம்பமாட்டேன், பஸ் வரும் என்று சொல்கிறவனை நம்பமாட்டேன். கடைசியில் என் உடம்பையே நம்பாதவனாக ஆகிவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற சுவர் மண்சுவர். மழைத் தூறல் பட்டால் அந்த மண்ணிலிருந்து ஒரு வாசம் வரும். அந்த வாசம் வந்தால் வாயில் எச்சில் ஊறும். ஒருநாள் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். அவ்வளவுதான், விட முடியவில்லை. பிள்ளைத்தாச்சிப் பெண்கள் தின்பார்கள், அது தெரிந்த விஷயம். அறுபது வயசுக் கிழவன் தின்கிறான் என்று வெளியில் தெரிந்தால்? சுவரில் என் தலைக்கு நேராகப் பள்ளம் விழுந்துவிட்டது. என் பெண்டாட்டி பாஞ்சாலை அதைப் பார்த்துவிட்டு எலிப்பொறி வாங்கி வந்தாள். தேங்காய்ச் சில்லு வைத்துப் பொறியைக் கட்டிலுக்கடியில் வைத்தாள். ஒரு மாசம் ஆகியும் எலி விழவில்லை.

"ரொம்பக் கெட்டிக்கார எலி" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

எண்பத்தொண்ணாம் வருஷம் ஆடி மாசம், மூன்றாவது தடவையாகப் பேர் கூப்பிடப் போனோம். இந்தச் சடங்கில் ஒரு கண்டிப்பு உண்டு. பேர் கூப்பிட்டு முடித்துத் திரும்பும்போது பூசாரி முன்னால் போவார், அடிபட்டவன் நடுவில், தண்ணீர்ச் செம்பு தூக்குகிற பெண் கடைசியில். வீட்டு வாசப்படி மிதிக்கிறவரை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. முன் இரண்டு தடவையும் செம்பு தூக்கியவள் என் அண்ணி. இந்தத் தடவை அவளுக்கு முட்டி வலி. அதனால் பாஞ்சாலை தூக்கினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் பின்னால் இவ்வளவு தூரம் வாயை மூடிக்கொண்டு நடந்தது அன்றைக்குத்தான்.

வாசப்படி மிதித்ததும் செம்பை நங்கென்று வைத்தாள்.

"ஏய்யா, நீ ஏழு எடத்துல நின்னே."

"மூச்சு வாங்குச்சு."

"ஏழும் ஏத்தம். எறக்கத்துல ஒரு எடத்துல கூட நிக்கல."

"அதுக்கு இன்னா இப்போ?"

"மரத்தடியில ஒன் கை நடுங்குச்சு. பாத்துகினுதான் இருந்தேன். செத்த நேரம் குந்தினே, நின்னுடுச்சு. வழியில கை நடுங்கல. மூச்சுதான் போச்சு. கரடி அங்கதானே அடிச்சுது? ஏழு ஏத்தத்துலயுமா அடிச்சுது?"

கோபால்சாமி, "அம்மா, பேர் பாதி வழியில நின்னு நின்னு வரும்" என்று ஆரம்பித்தார்.

"உன் பேரு போய் நிக்கட்டும்யா. நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன்."

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கொல்லையில் காலையில் போய்ப் பார்த்தால், பன்றி கிளறினது ஒரு மாதிரி இருக்கும், முள்ளம்பன்றி பறித்தது வேறு மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே கொல்லையில் ஒரே ராத்திரியில் மேய்ந்திருக்கும். இரண்டையும் ஒன்று என்று சொல்கிறவன் வெள்ளாமை செய்ய லாயக்கில்லை. என் உடம்பிலும் இரண்டு மேய்கிறது. ஒன்று பின் மண்டையில் தொடங்கி உள்ளங்கைக்கு இறங்கும். மற்றது முட்டியில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறும். இத்தனை நாளாக எனக்கு அது தெரியாமல் இல்லை. சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

காவலூரில் வியாழக்கிழமை தோறும் ஒரு ஜீப் வந்து நிற்கும். ஒரு டாக்டரம்மாவும் ஒரு கம்பவுண்டரும் வருவார்கள். பாஞ்சாலை அங்கே போகலாம் என்று பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் ஒண்ணுதான். மூஞ்சைப் பாத்ததும் பேனாவைத் தூக்குவாங்க" என்றேன்.

"அப்ப மூஞ்சைக் காட்டாதே."

அது நல்ல யோசனையாகப் பட்டது. துண்டை எடுத்துத் தலையிலிருந்து தாடைவரை இறுக்கிக் கட்டினேன். வலது கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் வெளியில். மகன் வரக் கூடாது என்றேன். கரடி என்ற சொல்லை எடுக்கமாட்டேன் என்று பாஞ்சாலையிடம் சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். கேட்டால் பல் வலி என்று சொல்லிவிடுவது.

காலையில் கிளம்பியவன் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து உச்சி வேளைக்குப் போய்ச் சேர்ந்தேன். டாக்டரம்மா பேர் நீலாவதி. முப்பது வயசு இருக்கும். ஜீப்புக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். கம்பவுண்டர் தங்கவேல் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

"இன்னா பெரியவரே, மூஞ்சில கட்டு?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"பல் வலி."

"அதுக்கா வந்தீங்க?"

"இல்ல. ஏறினா மூச்சு வாங்குது. எறங்கினா வாங்கல. கால்ல பலமில்ல. காதுல வண்டு சுத்துது. ஒரு வருஷமா."

வேறு ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். என் நகம் கரண்டி மாதிரிக் குழிந்து கிடந்ததை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். பிறகு குனிந்து என் பாதத்தைப் பார்த்தாள்.

"செருப்பு போடறது இல்லியா?"

"கொல்லையில யாரும்மா செருப்பு போடுவாங்க?"

நிமிர்ந்து, சாதாரணமாகக் கேட்டாள்.

"மண்ணு துன்றீங்களா?"

கட்டியிருந்த துண்டை இன்னும் இறுக்கினேன். கரடி எதிரில் நின்றபோதுகூட இப்படி மிரளவில்லை. யார் சொன்னார்கள் இவளுக்கு? பாஞ்சாலைக்கே தெரியாது. மூணு மைல் தள்ளி ஒரு சுவரில் பள்ளம் இருப்பது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்தில் பாஞ்சாலை மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது.

"அட பாவி மனுஷா! அப்ப எலி இல்லியா?"

தங்கவேல் பேனாவைப் போட்டுவிட்டுச் சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"வெக்கப்படாதீங்க. ரத்தம் கம்மியானா அப்படித்தான் ஆசை வரும். வாரத்துக்கு நாலு பேர் சொல்றாங்க. உங்க இமை சுண்ணாம்பு மாதிரி கீது பெரியவரே. இந்த ரத்தத்தை வெச்சுகினு மலை ஏறி வந்ததே பெருசு."

வயிற்றில் புழு இருக்கும் என்றாள். வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குப் பாதத்தின் வழியாக ஏறுகிற புழுவாம். உள்ளே பல்லால் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்குமாம். நான் நம்பவில்லை. காலில் ஏறி வயிற்றுக்குப் போகும் என்றால் யார் நம்புவார்கள்? முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"காட்டுங்க. கண்ணால பாத்தா நம்பறேன்."

அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து வெளிக்குப் போய் வரச் சொன்னாள். கொண்டு வந்து கொடுத்தேன். தங்கவேல் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவினான். பூதக்கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. அதில் கண் வைத்துத் திருகித் திருகிப் பார்த்த டாக்டரம்மா, "வாங்க" என்றாள். பார்த்தேன். குட்டி முட்டை. பல்லி முட்டை மாதிரி மெல்லிசு ஓடு, உள்ளே நாலு உருண்டை. ஒன்றல்ல, நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது.

காவலூரில் பெரிய கண்ணாடியை வைத்து வானத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, சொன்னாலும் நம்பமாட்டேன். இந்த அம்மா சின்னக் கண்ணாடியை வைத்து என் மலத்தைப் பார்த்தாள். அதை நானும் பார்த்தேன். நம்பினேன்.

மாத்திரை கொடுத்தாள். புழுவுக்கு மூணு நாள், ரத்தம் ஊற மூணு மாசம்.

"மலம் கறுப்பாப் போவும். பயப்படாதீங்க."

நாலு வருஷமாக எத்தனையோ பேர் என்னைப் பயப்படாதே என்று சொன்னார்கள். உருப்படியான விஷயத்துக்குச் சொன்னது இந்த ஒருத்திதான்.

"இப்ப அந்தப் பல்லைக் காட்டுங்க" என்றாள்.

பாஞ்சாலை என்னைப் பார்த்தாள். நான் துண்டை அவிழ்த்தேன். தங்கவேல் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அந்த அம்மா திருப்பவில்லை. கிட்டே வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கரடி அடித்ததிலிருந்து பாஞ்சாலையைத் தவிர யாரும் அந்தக் கன்னத்தைத் தொட்டதில்லை.

"கரடியா?"

"ம்."

"இதை ஏன் மறைச்சீங்க?"

"இதைப் பாத்தா எல்லாத்துக்கும் இதுதான்னு சொல்லிடறாங்க. மூச்சு வாங்கினா கரடி. கால் தள்ளாடினா கரடி. நாளைக்கு எனக்குச் சொறி வந்தாலும் கரடிதான்."

இந்தத் தடவை அவளும் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

"பயம் இல்லவே இல்லியா?"

வெளியில் சொன்னதே இல்லை. அன்றைக்கு ஏனோ வந்துவிட்டது.

"கீது. அந்த மரத்தாண்ட போனா கை ஜில்லுனு ஆயிடுது. பூ வாசம் ஆவாது."

"அவ்ளோ பெரிய அடி பட்டவருக்குப் பயம் இருக்கும். இருந்துட்டுப் போவுது. ஆனா பயத்தால இமை வெளுக்காது. அது வேற, இது வேற."

திரும்பும் வழி முழுக்கப் பாஞ்சாலை பேசினாள். கரடியைப் பற்றி இல்லை. எலிப்பொறியைப் பற்றி.

மூணு நாள் மாத்திரை தின்றேன். பிறகு இரும்பு மாத்திரை. கறுப்பாகத்தான் போனது. பயப்படவில்லை. ஒடுகத்தூரிலிருந்து மகன் ஒரு ஜோடி டயர் செருப்பு வாங்கி வந்தான். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "அளவு சரியா கீதா நைனா?" என்று மட்டும் கேட்டான். சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கொல்லையில் இறங்கினால் கிரீச் கிரீச்சென்று சத்தம். ஊரே சிரித்தது. "கலெக்டர் வர்றாரு" என்றான் ராஜாக்கண்ணு.

முதல் மாசம் ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மாசம் ஒரு மழை நாளில் கட்டிலில் படுத்திருக்கிறேன், சுவரிலிருந்து வாசம் வருகிறது. வெறும் மண் வாசம். எச்சில் ஊறவில்லை. எழுந்து போய்ப் பாஞ்சாலையிடம் சொன்னேன். அவள் உடனே மண்ணும் சாணமும் குழைத்து வந்து பள்ளத்தைப் பூசி அடைத்தாள்.

"இனி எலி வந்தா கையை ஒடச்சிடுவேன்" என்றாள்.

பங்குனியில் புளியோடு ஒடுகத்தூருக்கு இறங்கினோம். பாஞ்சாலையும் சக்கரவர்த்தியும் சேர்த்துப் பத்துப் பேர். நான் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"யோவ், கரடி அடிச்சவன் நடுவுல!" என்றான் ராஜாக்கண்ணு.

"நாலு வருஷம் உன் முதுகைப் பாத்தாச்சு. இன்னிக்கு நீ என் முதுகைப் பாரு."

போகும்போது காற்று மறுபக்கம் அடித்ததால் பூ வாசம் வரவில்லை, ஒன்றும் ஆகவில்லை. சந்தையில் புளியைப் போட்டுவிட்டு, உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஏறி வந்தோம். வழியோரத்து அந்த இலுப்பை மரம் கண்ணில் படுவதற்கு முன்பே வாசம் வந்தது. பூ நிறையக் கொட்டிக் கிடந்தது. பின் மண்டையில் மயிர் எழும்பியது. உள்ளங்கை ஜில்லென்று ஆனது. நின்றேன். எனக்குப் பின்னால் ஒன்பது பேரும் நின்றார்கள்.

முன்பென்றால் இருமுகிற மாதிரி நடித்திருப்பேன்.

"பயமா கீது" என்றேன். "செத்த நேரம் நில்லுங்க."

"அதான் நான் அப்பவே சொன்..." என்று ராஜாக்கண்ணு ஆரம்பித்தான்.

"அது வேற. நீ வாயை மூடு" என்றாள் பாஞ்சாலை.

எல்லோரும் சுமையை இறக்கினார்கள். சக்கரவர்த்தி மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக் காட்டைப் பார்த்துச் சத்தம் கொடுத்தான். ஒரு பீடி குடித்தேன். கை நடுங்கியது, பீடி முடிவதற்குள் நின்றது. எழுந்து நடந்தேன். அதற்கு மேல் ஏற்றம். முட்டி என்னுடைய முட்டியாகவே இருந்தது. காதில் வண்டு இல்லை. செருப்புச் சத்தம்தான் கேட்டது.

ஏற்றத்தின் பாதியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏய்யா வேடியப்பா... மெல்லப் போயேன்யா..."

திரும்பிப் பார்த்தேன். ராஜாக்கண்ணு ஒரு பாறைமேல் சாய்ந்து நின்றிருந்தான். வாய் திறந்திருந்தது. இறங்கி அவனிடம் போனேன். தாடையைப் பிடித்து, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு.

"வர்ற வியாழக்கிழமை காவலூருக்கு வா."

"எனக்கு இன்னாத்துக்கு? என்னைத்தான் எந்தக் கரடியும் அடிக்கலியே!"

"உன் வூட்டுச் செவுத்துல எலி கீதா?"

ராஜாக்கண்ணு உப்பு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் வந்து நின்றான்.